இரண்டாவது ஓட்டு

சாயர்ஸ் மில், அலபாமா
நவம்பர் 14

அன்புள்ள அக்கா மாடீனுக்கு,

தங்கை எர்லீன் எழுதுவது. இங்கே நான், நாய், தகரக் கூரை மூவரும் சௌக்கியம். இடுப்பு மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. அங்கே மினசோட்டாவில் பனி இறங்குவதற்குள் நீயும் அத்தானும் விறகு சேர்த்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன். உன் நாலு கடிதமும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. முப்பத்தொரு வருஷம் இந்த ஊருக்கு வீடு வீடாகத் தபால் போட்டவள் நான். எனக்கு வரும் கடிதத்தைத் தொலைக்க எவனுக்குத் தைரியம் வரும்?

நாலிலும் ஒரே பாட்டுதான் பாடியிருக்கிறாய். உன்னைப் போல் நினைக்கிற ஒரு ஜீவன் கூட இல்லாத ஊரில் ஒண்டியாக எதற்குக் கிடக்கிறாய், எங்கள் எதிர்வீடு காலியாகிறது, மாதக் கடைசிக்குள் பதில் சொல் என்கிறாய். சொல்லிவிடுகிறேன். வருகிறேன். இருபத்திரண்டாம் தேதி உன் பையனை லாரியோடு அனுப்பு. மூச்சைப் பிடித்துக்கொள், ஏன் இப்போது சம்மதித்தேன் என்பதையும் சொல்கிறேன், நடுவில் அத்தானுக்குப் படித்துக் காட்டாதே, அவர் சிரித்தால் இருமல் வரும்.

இத்தனை வருஷம் நான் வராததற்கு இந்த ஊர்மேல் கோபமில்லாததும் ஒரு காரணம். நான் என்ன சொல்கிறவள் என்று உனக்குத் தெரியும். வைத்தியம் எல்லோருக்கும் கிடைக்கணும், நூலகத்துப் புத்தகத்துக்குப் பூட்டுப் போடக்கூடாது, யார் யாரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டால் நமக்கென்ன என்பேன். வேலிக்கு அந்தப் பக்கத்து மாட்டுக்காரன் ஹாலிஸ் கேகிள், பாப்டிஸ்ட் சபையில் மூப்பன், "உன்னை ரஷ்யாவுக்கு பார்சல் கட்டணும் எர்லீன்" என்பான். சொல்லிக்கொண்டே ஏணி போட்டு ஏறி என் கூரை ஓட்டையை அடைப்பான். போன வசந்தத்தில் இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியை மூடினார்களே, அதற்கு மறுமாதம் அவன் மனைவி நெல்டாவுக்கு நெஞ்சு வலித்து அறுபது மைல் தூக்கிக்கொண்டு ஓடினான். "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அன்றைக்கு மட்டும் அவன் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் வைக்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டான்.

இன்னொரு காரணம்தான் பெரிய காரணம். வாக்குச்சாவடி மேசையில் இரண்டு கட்சிக்கும் ஆள் உட்கார வேண்டும் என்று இங்கே விதி. அவர்களுடைய குடியரசுக் கட்சிக்கு ஆள் வேண்டுமென்றால் கல்லை விட்டெறிந்தால் போதும். ஜனநாயகக் கட்சிக்கு இந்த ஊரில் நான் ஒருத்திதான். நான் இல்லாவிட்டால் தீயணைப்புக் கொட்டகையில் நடக்கிற எங்கள் சாவடியை எடுத்துவிட்டு இருபத்தெட்டு மைல் தள்ளி இருக்கிற ஊரோடு சேர்த்துவிடுவார்கள். அதனால் பதினாறு வருஷமாக ஹாலிஸும் நானும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் முடிவு ஒன்றுதான், அவர்களுக்கு இருநூற்றுச் சொச்சம், எங்களுக்கு ஒன்று. இரகசிய வாக்கெடுப்பு என்பது இந்த ஊரில் என்னைத் தவிர எல்லோருக்கும் உண்டு.

இந்த வருஷம் அக்டோபரில் என் வாசலில் வேட்பாளர் பெயர்ப் பலகை நட்டேன். மறுநாள் ஹாலிஸின் காளை வேலியை முறித்துக்கொண்டு வந்து, கொல்லையில் அவ்வளவு புல் இருக்க, அந்தப் பலகையைத்தான் மென்றது. விரட்டப் போனவள் படியில் சறுக்கி விழுந்தேன். இடுப்பு எலும்பு உடையவில்லை, ஆனால் மூன்று வாரம் எழுந்திருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹாலிஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "காளைக்கு அரசியல் சொல்லிக் குடுத்தது நீதானே?" என்றேன். "அது படிப்பறிவில்லாத பிராணி எர்லீன், கண்ணுல பட்டதைத் திங்கும்" என்றான். அப்புறம் நாள்காட்டியைப் பார்த்தான். தேர்தலுக்குப் பதினெட்டு நாள். அவன் முகம் மாவு மாதிரி வெளுத்துப்போனது, பார்க்கணும் நீ.

அதற்குப் பிறகு எனக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே, ஒரு கவர்னருக்கு நடக்காது. காலையில் ஒரு வீட்டிலிருந்து கோழிக்கறி, மத்தியானம் இன்னொரு வீட்டிலிருந்து சோள ரொட்டியும் கீரையும், சாயங்காலம் வாழைப்பழப் புட்டிங். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டுத்தாளில் வீட்டுக்காரி பெயர். போன மாதம் வரைக்கும் என் கட்சியைச் சாத்தானின் கட்சி என்று சொன்னவர்கள் என் காலுக்குத் தலையணை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கி பிரதர் ராயல் என் பெயரைச் சொல்லியே ஜெபம் பண்ணினாராம். "ஆண்டவரே, எங்க சகோதரி எர்லீனோட இடுப்பை சொஸ்தமாக்கும். அவ மனசையும் திருப்பும். ஆனா செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, சாவடி மூடினதுக்கு அப்புறம் திருப்பும்!" சபை முழுக்க ஆமென் சொன்னதாக நெல்டாவே வந்து சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் என் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒருவேளை நான் எழாவிட்டால் என்று ஹாலிஸ் மாற்று ஆளும் தேடினான். தீவனக் கடையில் மூட்டைமேல் ஏறி நின்று, "இங்க வேற யாராவது டெமாக்ரட் இருந்தா இப்பவே கையைத் தூக்கிடுங்க, யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம், சத்தியம்!" என்று கேட்டானாம். அத்தனை பேரும் தங்கள் பூட்ஸையே பார்த்தார்களாம். ஒருவன் மட்டும் சும்மா நடிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சொல்ல, அவன் மனைவி அவன் படுக்கையைத் தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டாள். ஒரு நாள் நடிப்புக்கே இந்தக் கதி என்றால் நிஜமாக இருப்பவள் பாடு எப்படி என்று அவனுக்கு இப்போது புரிந்திருக்கும்.

கடைசியில் நான்தான் போனேன். நெல்டா தன் கூடத்துச் சாய்வு நாற்காலியைக் கொடுத்தாள், விசையைத் தட்டினால் கால்பக்கம் எழும்புமே, அது. ஹாலிஸும் இன்னும் மூன்று பேரும் நாற்காலியோடு என்னைத் தூக்கி டிரக்கின் பின்னால் வைத்துக் கட்டி, ஊர் முழுக்கப் பார்க்க ஊர்வலமாகக் கொண்டுபோய், தீயணைப்பு வண்டியை வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தில் என்னை இறக்கினார்கள். கதவு திறப்பதற்கு முன்னால் என் ஓட்டைப் போட்டுவிடலாம் என்று எழுந்திருக்க விசையைத் தட்டினேன். கால்பக்கம் படாரென்று எழும்பி, மேசையை உதைத்து, ஹாலிஸின் காப்பி அவன் மடியில் கொட்டி, அவன் போட்ட கூச்சலில் வெளியே வரிசையில் நின்றவர்கள் எங்களுக்குள் கைகலப்பே ஆரம்பித்துவிட்டது என்று உள்ளே பாய்ந்துவிட்டார்கள். அவர்களை வெளியே தள்ளுவதற்குள் மணி ஏழு. அப்புறம் மூச்சுவிட நேரமில்லை. கட்சித் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு தடியன் வந்தான். "தொப்பியைக் கழட்டு, சாவடிக்குள்ள கட்சி அடையாளம் கூடாது" என்றேன். "எஸ் மேம்" என்று கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். என்னை நரகத்துக்குப் போவாய் என்று சொன்ன கிழவர் கையெழுத்துப் போட என்னிடமே கண்ணாடி இரவல் வாங்கினார். பத்தரை மணிக்கு எண்ணும் இயந்திரம் காகிதத்தை மென்றது; அதற்கும் அந்தக் காளைக்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம், அக்கா, மேசைக்கே சோறு வந்தது.

சாயங்காலம் வாக்குப்பதிவை முடித்துவிட்டு இயந்திரத்திலிருந்து வந்த சீட்டை ஹாலிஸ் படித்தான். அவர்களுக்கு இருநூற்று நாற்பத்தொன்று. அப்புறம் நின்றுவிட்டான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தான். எங்களுக்கு இரண்டு.

முடிவு கேட்க ஊரே வாசலுக்கு வந்திருந்தது. வாசலில் நின்ற ஆண்கள் எல்லோரும் அவரவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எர்லீன், நீ ரெண்டு தடவை குத்திட்டியா?"

"காலையிலேர்ந்து உன் பக்கத்துலதானே மல்லாந்து கிடக்கேன்! எழுந்து ஒரு தடவை கூட நிமிரலையே, எங்க போய்க் குத்துறது?"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது! அன்றிலிருந்து தீவனக் கடையில் ஒவ்வொருவனும் மற்றவனைவிட ஒரு பங்கு சத்தமாக என் கட்சியைத் திட்டுகிறான், தன்மேல் சந்தேகம் வரக்கூடாதாம். ஹாலிஸ் நெல்டாவையே கேட்டுவிட்டானாம், நீயா என்று. "நாப்பத்தாறு வருஷம் உங்க மூஞ்சியைப் பார்த்தவளுக்கு ஒரு தடவை மாத்திப் போட உரிமை இல்லையா? ஆனா நான் போடலை" என்று அவள் சொன்னதை அவன் நம்பினானா என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை கதவைத் திறந்தால் வராந்தாவில் சூடாக ஒரு பீச் பழப் பலகாரம். பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்தேன். பெயர் இல்லை. ஒட்டுத்தாளை உரித்த தடம் மட்டும் இருந்தது. மூடிக்குள் ஒரு துண்டுக் காகிதம், இடதுகையால் எழுதின மாதிரி கோணல் எழுத்து. ஊர்க் கையெழுத்து அத்தனையும் தெரிந்த எனக்கே பிடிபடவில்லை. "இனிமே நாம ரெண்டு பேர்" என்று எழுதியிருந்தது. அக்கா, நான் அந்தப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அதனால்தான் வருகிறேன். ஒன்று என்னுடையது, இன்னொன்று யாருடையதோ. அந்த ஆள் என்றைக்காவது தைரியமாக என் நாற்காலியில் உட்காருவார், சாவடி இங்கேயே இருக்கும், நான் நிம்மதியாகப் பெட்டி கட்டலாம். ஹாலிஸிடம் சொன்னேன். "போறதுன்னா போ, யாரு தடுத்தா?" என்றான். வேலி வரைக்கும் போனவன் திரும்பி வந்து, "நான் இனி யார்கிட்டச் சண்டை போடுறது?" என்றான். மறுநாள் தீவனக் கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டி பத்துக் கொண்டுவந்து போட்டுவிட்டு, முகம் கொடுக்காமல் போய்விட்டான்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பையனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு முத்தம், சின்னவனுக்கு மட்டும் இரண்டு. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமலும் கீல்வாதம் எட்டிப் பார்க்காமலும் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். எதிர்வீட்டு ஜன்னலுக்கு நீலத் திரை வாங்கி வை.

உன் பிரியமுள்ள தங்கை,
எர்லீன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு சங்கதி. லாரியை அனுப்பாதே.

இன்று காலை சமையலறையைக் கட்ட ஆரம்பித்தேன். குளிர்பெட்டிக் கதவில் ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டதும் கொடுக்கிற "நான் வாக்களித்தேன்" என்ற வட்டச் சீட்டு ஒட்டி வைத்திருப்பேனே, அதை உரிக்கப் போனேன். இந்த வருஷத்துச் சீட்டு இல்லை. கோட்டில் தேடினேன், பையில் தேடினேன், நாயைக்கூடப் புரட்டிப் பார்த்தேன். அப்புறம் மெல்ல உட்கார்ந்து யோசித்தேன். நாற்காலி உதைத்தது, காப்பி கொட்டியது, கதவு திறந்தது. அதற்கப்புறம் நான் எழுந்திருக்கவே இல்லை. அடிப் பாவி, முப்பது வருஷத்தில் ஒரு தேர்தல் தவறாதவள், ஊர் முழுக்க ஓட்டுப் போட வைத்துவிட்டு என் ஓட்டைப் போட மறந்துவிட்டேன்!

அப்படியென்றால் அந்த இரண்டில் ஒன்றுகூட என்னுடையதில்லை. இந்த ஊரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருத்தரும் "நானும் எர்லீனும்" என்று கணக்குப் போட்டுக்கொண்டு தெம்பாக நடக்கிறார்கள். நான் லாரி ஏறினால் அந்த இரண்டு பேரும் அன்றைக்கே தனி ஆள். எப்படி வருவேன், நீயே சொல்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஹாலிஸ் இன்னும் நாலு பெட்டியோடு வந்தான். காப்பி கொடுத்து, ஓட்டுப் போட மறந்த கதையைச் சொன்னேன். கோப்பை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"அப்போ இன்னொண்ணு யாரு?" என்றான்.

"ரெண்டும் யாரு" என்று அவன் கேட்கவில்லை, அக்கா. "இன்னொண்ணு யாரு" என்றுதான் கேட்டான். கேட்ட பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. காது மடல் சிவந்துபோய், காப்பியை அப்படியே வைத்துவிட்டு, பதினாலு பெட்டியையும் அடுக்கித் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஹாலிஸுக்கு வெந்நீர் வைக்கவே தெரியாது, ஆகையால் அந்தப் பலகாரம் அவன் வேலை இல்லை. பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, ஊர் வழக்கப்படி வெறுமனே திருப்பக்கூடாது என்று பெக்கான் கொட்டை நிரப்பி வராந்தாவில் வைத்திருக்கிறேன். யார் வந்து எடுக்கிறார்கள் என்று பார்க்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம், மாடே இல்லாத இடத்தில், ஹாலிஸும் உட்கார்ந்திருக்கிறான்.