மூன்றாம் பக்கம், ஏழாவது கேள்வி

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. ஆண்டவன் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். உன் இடுப்புவலியும் உன் பெண்டாட்டியின் கோபமும் குறைய வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இடுப்புவலி சீக்கிரம் குறையும்.

விஷயம் என்னவென்றால், மகள் வணிகவியல் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறாள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். எல்லாம் நிரப்பியாயிற்று, மூன்றாம் பக்கம் ஏழாவது கேள்விதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது: "உங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டதுண்டா? ஆம் எனில் காரணத்துடன் விளக்கவும்." போனில் நீ, "இல்லைன்னு போடச் சொல்லுக்கா, யாரு போய்ப் பார்க்கப்போறா?" என்றாய். பார்க்கிறவன் மேலே இருக்கிறான், தம்பி. பள்ளிக்கூடத்து ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு "காத்து அடிச்சுது சார்" என்று சொன்ன உன்னிடம் போய்க் கேட்டேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நூலகத்திலேயே உட்கார்ந்து படிக்க வேண்டிய புத்தகம் ஒன்றை இவள் பைக்குள் போட்டு வெளியே கொண்டுபோனதும், எங்கே என்று கேட்டதற்கு வாயே திறக்காததும், ஒரு வாரம் கல்லூரிப் பக்கமே வராதே என்று துரத்தியதும் உனக்குத் தெரியும். விளக்கம் எழுதுடி என்றால் ஒரே வரி எழுதியிருக்கிறாள்: "புத்தகத்தை எடுத்தேன், திருப்பித் தரவில்லை." காரணம் எங்கேடி என்றால், "அவ்ளோதாம்மா, விடு" என்கிறாள். காரணம் இல்லாத விளக்கத்தைப் பார்த்து யார் இடம் கொடுப்பார்கள்?

சரி, முழு விவரமாவது கிடைக்கட்டும் என்று கல்லூரி அலுவலகத்துக்கே போய், தண்டனைக் கடிதத்துக்கு நகல் கேட்டேன். குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, இருக்கிற கடுதாசியைக் கிழிச்சிடுங்கன்னுதான் எல்லாரும் வந்து கெஞ்சுவாங்க. தேடிக் குடுங்கன்னு கேக்கிறது நீங்க ஒருத்திதான்."

"தேடுங்க, நான் உக்காந்திருக்கேன்" என்றேன். மத்தியானம் வரை தேடினார் பாவம். அதிலும் புத்தகத்தின் பெயர் இல்லை, எண் 2114 என்று மட்டும் இருக்கிறது.

பிறகு நானே விளக்கம் எழுத உட்கார்ந்தேன். நான் ஐந்தாவதோடு நின்றவள் என்றாலும், சாமி அலமாரியில் வைத்திருக்கும் பழுப்பு அட்டை போட்ட கணக்குப் புத்தகத்தைத் தினமும் ஜெபம் முடிந்ததும் படித்துத்தான் பற்று வரவுக் கணக்கெழுதவே கற்றுக்கொண்டேன். அதில் சொன்னபடி நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் அவள் குற்றம், வலப்பக்கம் அவள் நற்குணம். இடப்பக்கத்தில் நூலகப் புத்தகத்தைத் திருடியது. வலப்பக்கத்தில் பழைய புத்தகக் கடையில் தேடி அலைந்து அம்மாவுக்குக் கணக்குப் புத்தகம் வாங்கித் தந்தது. படித்துக் காட்டினால், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள் தம்பி! கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா? ஆகையால் நீ உடனே புறப்பட்டு வந்து, தாய்மாமன் என்கிற முறையில் அவளை நாலு அதட்டு அதட்டி, அந்தப் புத்தகத்தை என்னதான் செய்தாள் என்று கேட்டு வாங்க வேண்டும்.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். உன் பெண்டாட்டிக்கும்தான்.

இப்படிக்கு,
அன்புள்ள அக்கா

பின்குறிப்பு: நீ புறப்பட வேண்டாம். கடிதத்தை ஒட்டப் பசை எடுத்தபோது, கணக்குப் புத்தகத்தின் அட்டையும் நைந்திருக்கிறதே, மாற்றிவிடலாமென்று பிரித்தேன். உள்ளே கல்லூரி முத்திரை. எண் 2114.

கூப்பிட்டுக் கேட்டேன். "சாமி கும்பிட்டுட்டு நீ அதைத்தானேம்மா முதல்ல கையில எடுக்கிறே. நான் எப்படிப் பிடுங்குவேன்?" என்றாள். "பழைய கடைன்னு பொய் சொன்னியேடி!" என்றேன். "அதையும் இடப்பக்கம் எழுதிக்கோ" என்கிறாள்.

நாளைக் காலையில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். ஏழாவது கேள்விக்கும் காரணம் எழுதியாயிற்று, என் கையெழுத்திலேயே. ஒரே புத்தகம் இரண்டு பக்கத்திலும் வருகிறதே என்று குழம்பிப்போய் மறுபடி புரட்டினேன். சரிதானாம், எதை எழுதினாலும் பற்று, வரவு இரண்டு பக்கத்திலும் ஏறத்தான் வேண்டுமாம். அந்தப் புத்தகத்தின் முதல் பாடமே அதுதான்.