ஷட்டரில் நிற்கும் வெள்ளைத்துரை

செல்லூர், மதுரை
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுத பிறகு

கண்ணியத்துக்குரிய அண்ணன் தௌஹீத் அவர்களுக்கு, உங்கள் கூடப்பிறந்த தங்கை அமீருன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உங்களுக்கும் ஹஃபீஸா மதினிக்கும் பிள்ளை ஹுமாவுக்கும் உடல் சுகத்தையும், திருமங்கலத்து மளிகைக்கடைக்குப் பரக்கத்தையும் கொடுப்பானாக. இங்கே நானும் மகன் அசீமும் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிடுவீர்கள், வந்தால் சண்டை வரும். அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் மதினியிடம் காட்டிச் சிரிக்க வேண்டாம்.

விஷயத்துக்கு வாரேன். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அசீம் அவன் அத்தாவுடைய சைக்கிள் கடையைத் திறக்கிறான். தாய்மாமன் கையால் ஷட்டரைத் தூக்க வேண்டும் என்று ஆசையாகப் போன் போட்ட பிள்ளையிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மாப்ள, மொதல்ல ஷட்டர்ல இருக்குற அந்தச் சைக்கிள்காரன் படத்த அழி. மருந்து ஊசி போட்டு ஓட்டுற பயல வாசல்ல வச்சுக்கிட்டு ஏவாரம் பாத்தா வெளங்குமா? அழிச்சாத்தேன் வருவேன்." வாசலில் உருவப்படமே கூடாது என்று சொல்லியிருந்தால்கூட வாயை மூடிக்கொண்டிருப்பேன். நீங்கள் சொன்னது அது இல்லை. அவன் திருடன், அவனை நம்பியவர் ஏமாளி என்கிறீர்கள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவிலேயே நெய்ச்சோற்றைப் பிசைந்துகொண்டு சபையில் சொன்னீர்களே, "நல்ல மனுசன், ஆனா எவனையும் நம்பிருவாரு, அந்தச் சைக்கிள்காரன வரைக்கும் நம்புனாரு" என்று. திரைக்கு இந்தப்பக்கம் நான் இருந்தேன் அண்ணே. டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே சாய்ந்து மவுத்தாகி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு அழுதது பாதி அவருக்கு, பாதி நீங்கள் சொன்ன அந்தப் பேச்சுக்கு.

வெள்ளைத்துரை யார் என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் ஒழுங்காக ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. வருஷா வருஷம் ஐரோப்பா பக்கம் மூன்று வாரம் சைக்கிள் போட்டி. அதில் தொடர்ந்து ஜெயிக்கிற பையனின் நிஜப்பெயர் என் வீட்டுக்காரர் வாயில் நுழையவில்லை, வெள்ளைத்துரை என்று வைத்துவிட்டார். மற்றவர்கள் மலையேறும்போது நாக்குத் தள்ளி வருவார்கள், இவன் மட்டும் தெருமுனைக்குப் பால் வாங்கப் போகிறவன் மாதிரி போவான். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பெயிண்டர் முத்துக்குமரன் அவனை ஷட்டரில் வரையும்போது மீசை இல்லாத முகம் கடைக்கு எடுப்பாக இல்லை என்று ஒரு மீசையும் வைத்துவிட்டான். அதை அழிக்கச் சொல்லுங்கள், அழிக்கிறேன். ஆளை அழிக்க மாட்டேன்.

இந்த வருஷத்துப் போட்டி அவர் மவுத்துக்காக நான் இத்தாவில் இருக்கும்போது வந்தது. நாலு மாதம் பத்து நாள் வாசற்படி தாண்டக்கூடாது, வெளி ஆம்பளைகள் முகம் பார்க்கக்கூடாது, நான் என்ன செய்வேன், சாயங்காலம் ஆனால் அவருடைய போனைத் தலையணையில் சாய்த்துவைத்துப் பார்த்தேன். ஒருநாள் மதினி வந்து எட்டிப்பார்த்து, "ஏ அமீரு, இத்தாவுல இருக்குற பொம்பள இம்புட்டு ஆம்பளைகளப் பாக்கலாமாடி? அதுவும் இம்புட்டு இறுக்கமான கால்சட்டையில?" என்று நெஞ்சில் கைவைத்தார்கள். "மதினி, கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்குத் தொப்பி, எவன் மூஞ்சியும் தெரியல. முதுகுதேன் தெரியுது" என்றேன். அப்புறம் மதினியும் உட்கார்ந்துவிட்டார்கள். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நாலு நாள் பார்த்தார்கள், கடைசியில் பச்சைச்சட்டைக்காரன் கீழே விழுந்ததற்கு ஒரு பாட்டம் அழுதார்கள்.

ஃபாத்திஹாவில் உங்கள் பேச்சைக் கேட்ட பிறகு நான் சும்மா இருக்கவில்லை, விசாரித்தேன். எதிர்வீட்டு பட்டு அக்காவின் வீட்டுக்காரர் கைலாசநாதன் சார் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தி ரிட்டையர் ஆனவர். இத்தா என்பதால் அவர் வாசலுக்கு வெளியே சேரில் உட்கார்ந்து, நான் உள்ளே திரைக்குப் பின்னால் நின்று, நடுவில் பட்டு அக்காவுக்குத் தலையை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திருப்பித் திருப்பிக் கழுத்து பிடித்துக்கொண்டது. சார் கணக்குப் போட்டு, வெள்ளைத்துரை மலையேறும்போது நாற்பது நிமிஷம் நானூற்றுச் சொச்சம் வாட் மிதிக்கிறான், அது மனுசனால் முடியுமா என்பதுதான் கேள்வி என்றார். வாட் என்றால் என்ன என்றேன். "உங்க மிக்ஸி ஐநூறு வாட்டும்மா" என்றார். நான் உடனே உள்ளே போய் மிக்ஸியைப் போட்டேன். பதினொன்றாவது நிமிஷத்தில் புகை வந்தது, பதிமூன்றில் வீட்டுக் கரண்டு போனது. பட்டு அக்கா தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தார்கள். வெளியே இருந்து சார், "பாத்தீங்களா! மிசினே தாங்கல!" என்று கத்தினார். அவர் சந்தோஷப்பட்டது எனக்குப் பிடிக்கவில்லை. "சார், மிக்ஸி மனுசன் செஞ்சது. காலு அல்லா படைச்சது. ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பேசாதீக" என்றேன். சார் சேரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பதில் பௌதிகத்திலேயே இல்லை போலிருக்கிறது.

அதோடு விடவில்லை. அசீமைக் கூப்பிட்டு, ஊசி இல்லாமல் மேடு ஏறினால் எம்புட்டு வேகம் வரும் என்று பார்த்து வரச்சொன்னேன். அவன் மேம்பாலத்தில் பத்துத் தடவை ஏறி இறங்கினான். ஆறாவது தடவை போலீஸ்காரர் நிறுத்தி, "என்னப்பா தொலைச்ச?" என்று கேட்டாராம். நடுவில் இரண்டு டம்ளர் பருத்திப்பால் குடித்தான், வேறெதுவும் இல்லை. முதல் தடவை ஆறு நிமிஷம், பத்தாவது தடவை இரண்டு நிமிஷம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பருத்திப்பாலுக்கே இப்படி என்றால் அந்த ஊர்ப் பாலுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். அப்போது பட்டு அக்கா வந்து, "அமீரு, உன் மகன் மினி லாரிக்குப் பின்னாடி கயித்தப் புடிச்சுக்கிட்டுல்ல பாலத்துல போனான்" என்றார்கள். கேட்டதற்கு, "கால் வலிச்சுச்சும்மா" என்கிறான். அது என் பிள்ளை செய்த குற்றம். வெள்ளைத்துரை எந்த லாரியையும் பிடிக்கவில்லை, டிவிக்காரன் ஹெலிகாப்டரில் மேலே இருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

அவனுக்கு ரத்தம் எடுக்கிறார்கள், ஒன்றுக்குப் பிடிக்கிறார்கள், விடியற்காலையில் கதவைத் தட்டியும் பிடிக்கிறார்களாம். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. "மாட்டலைன்னா திருடன் இல்லைன்னு ஆயிருமா?" என்று கேட்டீர்கள். அண்ணே, உங்கள் கடைத் தராசுக்கு முத்திரை வைக்க ஆபீசர் வருகிறார், பார்க்கிறார், போகிறார். முப்பது வருஷமாக ஒன்றும் அகப்படவில்லை. திருமங்கலத்தில் யாராவது "தௌஹீத் பாய் இன்னும் மாட்டலை" என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எல்லாரையும் விட ஒருத்தன் நன்றாகச் செய்தால் உடனே சந்தேகப்பட வேண்டுமா? என் வீட்டுக்காரர் வாடகை சைக்கிள் எடுக்கிறவன் பெயரைக்கூடக் கேட்க மாட்டார், வண்டி வந்துரும் என்பார், வந்தது. அவர் நம்பியவனைத் திருடன் என்று அழித்தால் அவருடைய நம்பிக்கையை அழித்த மாதிரி. அது அவரை இரண்டாம் தடவை அடக்கம் பண்ணுவது மாதிரி. என்னால் ஆகாது.

ஆகவே படம் இருக்கும். நீங்களும் வரவேண்டும். வராவிட்டால் ஷட்டரை நானே தூக்குவேன், இத்தா முடிந்துவிட்டது, கையிலும் வலு இருக்கிறது.

மதினிக்கு என் ஸலாம். ஹுமாவுக்கு என் துஆவும் முத்தமும். உங்கள் மூட்டுவலிக்குப் பனிக்காலத்தில் ஈரத்தரையில் நிற்க வேண்டாம். அல்லாஹ் உங்கள் ஆயுளை நீட்டி, மனசையும் கொஞ்சம் அகலமாக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் கோபமாக இருக்கும் தங்கை,
அமீருன்னிசா

பின்குறிப்பு: தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வராது, போட்டோ எடுத்து அத்தா போனிலிருந்து மாமாவுக்கு அனுப்பலாம் என்றான் அசீம். உங்கள் பெயரைத் திறந்தால் அதில் அவர் உங்களுக்கு அனுப்பிய பேச்சு ஒன்று கிடந்தது. போன வருஷத்தது. நான் அமுக்கிவிட்டேன். அவர் குரல் வந்தது. "மச்சான், நீங்க சொல்றது சரிதேன். எனக்கும் அந்தப் பய மேல சந்தேகமாத்தேன் இருக்கு. ஆனா அமீருகிட்டச் சொல்லிராதீக. அவ அவன ரொம்ப நம்புறா. வேல முடிஞ்சு வந்து ரெண்டு பேரும் சேந்து உக்காருறது அந்தப் போட்டிக்குத்தேன். நாளைக்கு முத்துக்குமரன வரச்சொல்லிருக்கேன், ஷட்டர்ல அவன் படத்தப் போடச்சொல்லி. பாத்தா சந்தோசப்படுவா."

மூன்று தடவை கேட்டேன். அப்படியென்றால் சபையில் அவர் நம்பினார் என்று நீங்கள் சொன்னது அவருக்குக் கொடுத்த வாக்குக்காகவா? அதைச் சொல்லாமல் இம்புட்டு நாள் என்னிடம் ஏச்சு வாங்கினீர்களா? எனக்கும் அந்தப் பையன் மேல் சந்தேகம் உண்டு அண்ணே, மூன்று வருஷமாக உண்டு. சொன்னால் அவர் முகம் வாடிப்போகும் என்றுதான் பக்கத்தில் உட்கார்ந்து மாஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே எழுதியதை எல்லாம் படிக்க வேண்டாம், ஆனால் ஆறு பக்கம் எழுதிவிட்டேன், கிழிக்க மனசு வரவில்லை.

படத்தை மட்டும் அழிக்கச் சொல்லாதீர்கள். நம்பி வரைந்ததாக இருந்தால் அழித்திருப்பேன். நம்பாமல் எனக்காக வரைந்தது. வெள்ளிக்கிழமை வந்துவிடுங்கள்.