நாற்பத்துமூன்று ‘போலி’களை நீக்கிய விவரம்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், என் மகள், என் மூக்குக்கண்ணாடி மூவரும் நலம். அக்காவின் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

“ஒரே ஒரு எண்ணைக் கட்டிக்கிட்டு அஞ்சு வருஷமா மாரடிக்கிறாளே உன் பொண்ணு, அதுல அப்படி என்னய்யா இருக்கு?” என்று போன முறை கேட்டீர்கள். பதில் இதோ: 3825123056546413051. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாததைப் பகா எண் என்பார்கள். பகா எண்தானா என்று பார்க்கும் பதினோரு சோதனையில் இது தேறியிருக்கிறது என்று மகளே சொன்னாள். மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள், அதுக்குள்ள குக்கர் மூணாவது விசில் அடிச்சிருச்சு, நான் ஓடிட்டேன். அப்புறம் நானே இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன், அறுபத்துநாலு. மூணால வகுபடாது! கடைசி இலக்கம் ஒண்ணு, ரெண்டும் அஞ்சும் கிட்டயே வர முடியாது. தங்கமான எண், அத்தான்.

அவள் ஆய்வேடு அச்சகத்துக்குப் போனது. முப்பத்திரண்டு வருஷம் மெய்ப்புத் திருத்தியவன் வீட்டில் இருக்க, வேறு யாரிடம் கொடுப்பாள்? முதல் பக்கத்திலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரி ஓரத்துல எண்ணை ரெண்டா உடைச்சு வெச்சிருக்கார், அச்சகத்துல பக்கம் கட்டுறவர். யாராலயும் பகுக்க முடியாததை இந்த மனுஷன் ஒரே தட்டுல பகுத்துட்டார்! சரி, அது போகட்டும். ‘போலிப் பகா எண்’, ‘போலிப் பகா எண்’னு நாற்பத்துமூணு இடத்துல! என் பொண்ணோட எண்ணைப் போலின்னு சொல்ல இவர் யாரு? சிவப்புப் பேனாவை எடுத்தேன், ஒரு ‘போலி’ விடாம அடிச்சுத் தள்ளினேன். வேலையா இருக்கிற பிள்ளையை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு அவகிட்டக் கேக்கலை. அஞ்சு படியும் கெட்டி அட்டை போட்டு வந்தாச்சு. நாளைப் பகல் மூணு மணிக்குள்ள ஒப்படைக்கணும், தவறினா இன்னும் ஆறு மாசம் காத்துக் கிடக்கணும். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு நிறைவாக நான் தூங்கியதில்லை.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் இருவர் ஆசியும் என் மகளுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுறதுக்குள்ள மகள் வந்துட்டா. ஆய்வேட்டைப் பிரிச்சுப் பார்த்தவ அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. “அப்பா! அது போலிதான்பா! 149491-ஆல வகுபடும். பகா எண் மாதிரி நடிச்சு அத்தனை சோதனையையும் ஏமாத்துது, அதனாலதான் அந்தப் பேரு. அஞ்சு வருஷமா நான் எழுதுறதே அதைத்தான்!” அவளோட பேராசிரியருக்குப் போன் போட்டா. அவர் வயிறு குலுங்கச் சிரிச்சுட்டு, கையால திருத்திக் கையெழுத்துப் போட்டா ஏத்துக்கறேன்னுட்டாராம். நான் செருகல் குறி போட்டுப் ‘போலி’ன்னு எழுதறேன், அவ கையெழுத்துப் போட்டு மை காய ஊதறா. அஞ்சு படிக்கும் சேர்த்து இருநூத்திப் பதினஞ்சு இடம். ஒவ்வொரு இடத்துலயும் அந்தச் சொல் ஏன் வேணும்னு சொல்லிக்கிட்டே வர்றா, நானும் கேட்டுக்கிட்டே வர்றேன். பாதி புரியலை, ஆனா இந்த அஞ்சு வருஷத்துல நாங்க இவ்வளவு நேரம் பேசினதே இல்ல, அத்தான். நூத்திப் பன்னிரண்டு முடிஞ்சிருச்சு. மிச்சமும் சீக்கிரம் முடிஞ்சிடுமேன்னுதான் எனக்குக் கவலை.