எட்டு அங்குலம் குறைந்த துப்பாக்கி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் மூத்த சகோதரியின் கணவரும், பேருந்து நிலைய நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவருமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. அது இந்தக் கடிதத்துக்குச் சம்பந்தமில்லாதது. தங்கள் இல்லத்திலும் தச்சுப்பட்டறையிலும் எல்லாம் நல்லபடி நடப்பதாக நம்புகிறேன். பத்து மாதமாகத் தாங்கள் போனை எடுப்பதில்லை என்பதால் காகிதம் செலவாகிறது. இத்துடன் உள்ள படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்ற வரிக்குக் கீழே நீல மையில் கையெழுத்திட்டு உடனே திருப்பி அனுப்பவும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் அது வராவிட்டால் என் மேல் வழக்குப் பதிவாகும். பதிவானால் ஓய்வூதியம் நிற்கும்.

'தாங்கள்' போட்டு எழுத எனக்கு இதற்கு மேல் வரவில்லை. அரைக்கால் சட்டைக் காலத்திலிருந்து உன்னைப் பார்க்கிறேன். 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஏற்கெனவே இருக்கிற கோபம் போதும்.

விஷயம் துப்பாக்கிதான். மாமா காலமான பிறகு அக்காவும் தம்பியுமாக அப்பா சாமானைப் பிரித்தீர்களே, அன்றைக்கு உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாம் உனக்கு, பெரிய மர அலமாரி உன் அக்காவுக்கு என்று பேசி முடித்தாயிற்று. அதோடு விட்டாயா? "அலமாரிதான் அக்காவுக்கு, உள்ள இருக்கிற துப்பாக்கி எனக்கு" என்றாய். "அலமாரின்னா உள்ள இருக்கிறதும் சேர்த்துத்தான்டா" என்றாள் அவள். போட்ட சாப்பாட்டில் கை வைக்காமல் 1:25 வண்டிக்குக் கிளம்பிவிட்டாய். அந்த வண்டி அன்றைக்குப் பத்து நிமிடம் தாமதம். அந்தப் பத்து நிமிடத்தில் சாப்பிட்டிருக்கலாம். உன் அக்கா இன்றுவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் மாமா பெயருக்கு உரிம அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்க நேரில் வரவேண்டுமாம். மாமாவால் நேரில் வர இயலாது என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று நான் போனேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி நான்தான். அங்கே கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்ட ஒரு குமாஸ்தா, மாமா காலமான தேதியைக் கேட்டு விரல் விட்டு எண்ணினார்.

"பத்து மாசம் ஆச்சா? அப்ப பத்து மாசமா துப்பாக்கி யார் வீட்ல இருக்கு?"

"ஒரு பேச்சுக்கு, எங்க வீட்லன்னு வச்சுக்குவோமே."

"வச்சுக்க முடியாது சார். லைசென்ஸ் செத்தவர் பேர்ல. நீங்க வச்சிருந்தா குற்றம்."

"அப்ப இன்னிக்கே எடுத்துட்டு வந்து ஒப்படைச்சுடறேன்."

"லைசென்ஸ் இல்லாம தெருவில தூக்கிட்டு வந்தா அது இன்னொரு குற்றம்."

வைத்திருந்தாலும் குற்றம், எடுத்து வந்தாலும் குற்றம் என்றால் மனுஷன் என்னதான் செய்வது என்று கேட்டேன். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் அவர்களே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள், அதற்கு வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும், துப்பாக்கியின் அளவும் எழுதவேண்டும் என்று படிவத்தை நீட்டினார். வீட்டுக்கு வந்து உன் அக்காவின் தையல் நாடாவை எடுத்துக் குழாயை அளந்தேன். உரிமத்தில் முப்பது அங்குலம். நாடாவில் இருபத்திரண்டு. நாடா சுருங்கிவிட்டதோ என்று என் கையை அளந்து பார்த்தேன். கை சரியாகத்தான் இருந்தது.

துப்பாக்கி பழுது பார்க்கும் கடைக்காரரிடம் பொதுவாக விசாரிப்பதுபோல், "குழாய் கொஞ்சம் குட்டையா இருந்தா ஒண்ணும் இல்லையே?" என்றேன். குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். "எவ்வளவு குட்டை? எட்டு அங்குலமா? ஐயோ சார், லைசென்ஸ் இல்லாம குழாயை அறுக்கறதே குற்றம். சட்டைக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டுப் போய் கொள்ளையடிக்கிறவன்தான் அப்படி அறுப்பான். உங்க மாமனார் என்ன தொழில்?" என்றார். தச்சர் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

அன்று சாயங்காலம்தான் உன் அக்கா வாயைத் திறந்தாள். துப்பாக்கி வைக்க என்றே மாமா அந்த அலமாரியைச் செய்தாராம். செய்து முடித்து, மெருகு போட்டு, பட்டறை ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, உள்ளே துப்பாக்கியை வைத்துக் கதவைச் சாத்தினால் கதவு மூடிக்கொள்ளவில்லை. எட்டு அங்குலம் அளவு தப்பிவிட்டது. ஊருக்கே அளவு சொல்கிற மனிதர் அத்தனை பேருக்கு முன்னால் தப்பென்று ஒத்துக்கொள்வாரா? "மரம் காசு போட்டு வாங்கினது, துப்பாக்கி சும்மா வந்தது" என்று சொல்லி, இரும்பு ரம்பத்தை எடுத்துக் குழாயை அறுத்து, உள்ளே வைத்துச் சாத்திவிட்டாராம். அதற்குப் பிறகு முப்பது வருடம் உரிமம் புதுப்பித்தவர்கள் காகிதத்தைத்தான் பார்த்தார்கள், துப்பாக்கியை ஒருத்தரும் பார்க்கவில்லை.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படி. மறுபடி குமாஸ்தாவிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். சிரித்து முடித்து, "அறுத்த துண்டு எங்க சார்? துப்பாக்கியோட பாகமும் துப்பாக்கி மாதிரிதான். அதையும் ஒப்படைக்கணும்" என்றார். எங்கே என்று உனக்குத் தெரியும். நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது மாமா உன்னிடம் கொடுத்தது, இன்றைக்கும் உன் பட்டறை மேஜையில் பென்சில் செருகி வைத்திருக்கிறாயே, அதுதான். ஆகவே குற்றவாளி நான் மட்டுமில்லை மாப்பிள்ளை. இருபத்திரண்டு அங்குலத்துக்கு நான், எட்டு அங்குலத்துக்கு நீ.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஒளிப்பானேன். முப்பத்தாறு வருடம் வண்டிகளைத்தான் தாமதம் என்று எழுதினேனே தவிர, என் பெயரை ஒருவரும் எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை. வியாழக்கிழமை இரண்டு போலீஸ்காரர்கள் வருகிறார்கள். அன்றைக்குக் கையெழுத்தும் துண்டும் இங்கே இருந்தால் வழக்கில்லாமல் முடித்துவிடுவதாக நிலைய அதிகாரி சொல்லியிருக்கிறார். துண்டுக்கு ஆள் அனுப்புவார்கள். நீயாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதே, வழியில் அதுவும் குற்றம்.

உன் அக்காவைப் பற்றிக் கவலை வேண்டாம். முதலில், "எங்கப்பா கையால அறுத்ததை எவன் கையிலயும் கொடுக்க மாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். நான் பொறுமையாகச் சட்டத்தை விளக்கினேன். இப்போது முழு மனதோடு சம்மதித்து அமைதியாக இருக்கிறாள். இன்றைக்குத் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து, பாயில் சுருட்டித் தயாராக வைத்துவிட்டாள். இவ்வளவு பக்குவமான பெண் என்று எனக்கே இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், குழந்தைகளுக்கு ஆசியும், உனக்குக் கோபம் குறையட்டும் என்ற பிரார்த்தனையும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: ராத்திரி கடிதத்தை ஒட்டாமல் வைத்தது நல்லதாயிற்று. காலை 5:50க்குப் பால் வாங்கப் போனேன். 6:15க்குத் திரும்பினால் அலமாரி திறந்து கிடக்கிறது. துப்பாக்கி இல்லை, பாய் இல்லை, உன் அக்காவும் இல்லை. என் பழைய கால அட்டவணையின் பின்பக்கத்தில், "தம்பிகிட்ட போறேன். ரெண்டு துண்டையும் ஒரு தடவை சேர்த்து வச்சுப் பார்த்துட்டுக் குடுத்துடறேன்" என்று எழுதியிருக்கிறாள். 6:10 வண்டி நடத்துனர் எனக்குப் பழக்கம். போன் செய்தேன். "அம்மா இங்கதான் இருக்காங்க சார். பாயை மேல வைங்கன்னா, இது எங்கப்பாங்கிறாங்க" என்றார். அந்த வண்டி 11:40க்கு உன் ஊர். ஆகவே மேலே எழுதிய சட்டமெல்லாம் இனி முப்பது அங்குலத்துக்கும் சேர்த்து உனக்கு. படிவத்தில் என் முகவரியை அடித்துவிட்டு உன் முகவரியை எழுதிவிட்டேன். போலீஸ் அங்கேயே வரட்டும்.

தபாலில் போட்டால் இரண்டு நாள். 8:20 வண்டியில் நானே கொண்டுவருகிறேன். நீ இதைப் படிக்கும்போது எதிரில்தான் நின்றுகொண்டிருப்பேன். கையெழுத்தை அப்புறம் போடலாம். அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பியிருக்கிறாள். முதலில் நிமிர்ந்து, உன் அக்கா சாப்பிட்டாளா என்று சொல்.