தட்டு மீனுக்கு அம்மை

மீன் இரண்டும் கறுத்துப் போயிருந்தன.

தோமஸ் கண்ணாடித் தொட்டியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தார். நேற்றுவரை அரக்கு நிறத்தில், நீலக் கோடு போட்டு, சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக மினுக்கிக்கொண்டு திரிந்தவை. இன்று அடிப்பிடித்த சட்டி மாதிரி மூலையில் நின்றன. போட்ட தீனி அப்படியே அடியில் கிடந்தது.

"டொரத்தி! ஓடி வா! ரெண்டும் கருகிப் போச்சு!"

அவர் மனைவி டொரத்தி மரவள்ளிக்கிழங்கு சீவிய கத்தியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"மீனுக்கு மாட்டு நெஞ்சு, நமக்கு மரவள்ளிக்கிழங்கு. தினமும் நான் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டது வீண் போகல. என் கண்ணுதான் பட்டிருக்கு" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

"தின்னவும் மாட்டேங்குதே!"

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. இறைச்சி தின்னாம சுத்தபோசனம் இருக்குதுங்க. உங்களைவிட அதுக்கு பக்தி அதிகம்."

தோமஸுக்குச் சிரிப்பு வரவில்லை. வராது. அந்த இரண்டு மீன்களின் வாலில்தான் அவர் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜொகூர் பாருவில், மேட்டுமேல் இருந்த அந்த பங்களா ஒரு வெள்ளைக்கார டாக்டருடையது. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் மனிதர் கப்பலேறிவிட்டார். எங்கோ தென் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த டிஸ்கஸ் மீன்கள் மட்டும் தங்கிவிட்டன. பங்களாவையும் மீன்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டவர் கேப்டன் மொரிதா. அந்தச் சமயம் கூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தோமஸ் கிராணி, ஆட்களின் பேரும் கூலிக் கணக்கும் எழுதுகிறவர். சயாமில் ரயில் பாதை போடத் தோட்டத்து ஜனங்களை லாரியில் ஏற்றினார்கள், கிராணியையும் விடவில்லை. போனவர்கள் ஒருவரும் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை. லாரிக்குப் பக்கத்தில் நின்று, "மீன் வளர்க்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேப்டன் கேட்டபோது தோமஸின் கை தானாக மேலே போய்விட்டது. குழம்பில் மிதக்கும் மீனைத் தவிர வேறு மீன் அவருக்குப் பழக்கமில்லை.

அன்று அதை மொழிபெயர்த்தவன் சுல்தான். பஜாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவரின் மகன். ஜப்பானியப் பாஷையைக் கற்றுக்கொண்டு கேப்டன் பின்னாலேயே சுற்றுகிறவன்.

"அண்ணே, ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. மீனு நல்லா இருக்குறவரைக்கும் நீங்க நல்லா இருப்பீங்க. மீனுக்கு ஒண்ணு ஆச்சு, அடுத்த ரயிலு உங்களுக்குத்தான் லா."

கேப்டன் தினமும் சாயங்காலம் தொட்டி முன்னால் உட்காருவார். மீன்களின் வயிற்றையே பார்ப்பார். பெருமூச்சு விடுவார். இளைத்துவிட்டது என்று கவலைப்படுகிறார் என்று எண்ணித் தோமஸ் தீனியை இரட்டிப்பாக்கினார். இப்போது கேப்டன் சிங்கப்பூர் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் இந்தக் கறுப்பு.

"தண்ணியப் பாரு, தேத்தண்ணி மாதிரி. இதுல குளிச்சா நான்கூடக் கறுத்துடுவேன்" என்றார் தோமஸ்.

சதுப்புக் காட்டு ஓடையின் பழுப்புத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்பது கேப்டன் உத்தரவு. தோமஸ் அதில் பாதியை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்த மழைத் தண்ணீரை ஊற்றினார்.

மறுநாள் மீன்களுக்குக் குளிர் ஜுரம் கண்டது. ஒன்றையொன்று பார்த்து நின்று உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கின. பிறகு தொட்டிக்குள் கவிழ்த்து வைத்திருந்த மண்சட்டியை வாயால் கொத்த ஆரம்பித்தன.

"பசியில சட்டியத் தின்னுதுங்க, பாவம்" என்றாள் டொரத்தி.

"தட்டு நிறைய நெஞ்சு கிடக்கு, அதை விட்டுட்டுச் சட்டியா? இது மூளைக் கோளாறு!"

டொரத்தி கோயிலுக்கு ஓடிப்போய் ஒரு புட்டியில் தீர்த்தம் வாங்கி வந்தாள். அந்தோணியாரை வேண்டிக்கொண்டு ஒரு மூடி ஊற்றினாள். புட்டியோடு ஊற்றப் பார்த்த தோமஸின் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அடுத்த நாள் சட்டியின்மேல் மஞ்சள் மஞ்சளாகப் பொட்டுப் பொட்டாக என்னவோ கிளம்பியிருந்தது.

"ஏங்க... சட்டிக்கு அம்மை போட்டிருக்கு."

"சட்டிக்கு எவளாவது அம்மை போடும்பாளா!"

"பின்ன என்னவாம் அது? நீங்கதான் மீன் தெரிஞ்சவராச்சே, சொல்லுங்க."

தெரிந்தவர் சுரண்டிப் பார்க்கலாம் என்று விரலை விட்டார். அதுவரை பரம சாதுவாக இருந்த இரண்டு மீன்களும் பாய்ந்து வந்து விரலைக் கவ்வின. "அலமாக்!" என்று அலறிக்கொண்டு கையை உதறியதில் பூச்சாடி ஒன்று உடைந்தது. கேப்டனின் பூச்சாடி. அதன் துண்டுகளை மாமரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, விரலில் துணி சுற்றிக்கொண்டு, இனிமேல் எதையும் தொடுவதில்லை என்று மாதா படத்தின் முன் சத்தியம் செய்தார்.

சில நாள் சத்தியம் நின்றது. பிறகு ஒரு காலையில் பார்த்தால், சட்டியில் பொட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் மீன்களின் உடம்பில் இருந்தது!

"தாவிடுச்சு! அம்மை சட்டியிலேர்ந்து மீனுக்குத் தாவிடுச்சு!"

டொரத்தி குனிந்து பார்த்தாள். "அம்மை நகருமாங்க?"

நகர்ந்தது. கொசுப் புழுவைவிடச் சின்னதாக, கண்ணும் வாலுமாக, மீன்களின் விலாவில் மொய்த்துக்கொண்டு தோலைக் கடித்துக் கடித்து இழுத்தன. ஒரு மீன் உடம்பை உதறினால் மற்றதன்மேல் போய் அப்பிக்கொண்டன.

"புழு!" தோமஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "உயிரோடயே அரிக்குது. போச்சு, டொரத்தி. என் துணிமணியெல்லாம் எடுத்து வை."

அவள் இத்தனை நாள் பேசிய கேலியெல்லாம் எங்கோ போயிற்று. "நீங்க போனா நான் யாரோட சண்டை போடுவேன்?" என்று சொல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் சுல்தான் உள்ளே வந்தான். "அண்ணே, கேப்டன் இன்னைக்கே வர்றாரு. மத்தியானம் வந்துடுவாரு."

தோமஸ் எழுந்தார். புழு என்றால் அவருக்கு ஒன்றும் புதிதல்ல. தோட்டத்தில் கம்பளிப்பூச்சி விழுந்தால் ஆட்களை விட்டுப் பொறுக்கச் சொல்வார்கள். பொறுக்கியதைக் கிராணியிடம் டின்னில் காட்டினால்தான் அன்றைய கூலிக்குப் பேர் விழும். நேற்றுச் செத்ததையே இன்றும் கொண்டுவந்து சிலர் ஏமாற்றியதால், "உயிரோட காட்டு, செத்தது செல்லாது" என்று சட்டம் போட்டவரே தோமஸ்தான்.

பப்பாளி இலையின் தண்டை ஒடித்துக் குழாயாக்கினார். ஒரு முனையைப் புழுக்களிடம் நீட்டி, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சி, பழைய பால் டின்னில் துப்பினார். இரண்டு மூன்று தொண்டைக்குள் இறங்கிவிட்டன. அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"ச்சீ! டின்னுல எதுக்கு வைக்கிறீங்க? வாத்துக்காவது போடலாமே!" என்றாள் டொரத்தி.

"காட்டாம எப்படி? வேலை செஞ்சேன்னு வாயால சொன்னா எவன் நம்புவான்? ஒண்ணும் சாகக் கூடாது, கொஞ்சம் தொட்டித் தண்ணி ஊத்து."

புழு குறையக் குறைய மீன்களுக்கு வெறி ஏறியது. கண்ணாடியில் மோதின. குழாயைக் கடித்தன. கடைசிப் புழுவும் டின்னுக்கு வந்தபோது பெரிய மீன் துள்ளித் தரையில் விழுந்தது. டொரத்தி முந்தானையில் ஏந்தி எடுத்து உள்ளே விட்டாள். வெளியே கார் வந்து நின்றது.

கேப்டன் மொரிதா உள்ளே வந்தார். நனைந்த தரை, நனைந்த டொரத்தி, மூலையில் மூச்சு வாங்கும் கறுத்த மீன்கள். அவர் முகம் இறுகியது. தோமஸ் இடுப்பொடியக் குனிந்து வணங்கிவிட்டு, இரண்டு கையாலும் டின்னை நீட்டினார்.

"சொல்லு தம்பி! மீனுக்குப் புழு வச்சிடுச்சு, ஆனா ஒண்ணு விடாம பொறுக்கிட்டேன். எல்லாம் உயிரோட இருக்கு, மாஸ்டரே பார்த்துக்கலாம்னு சொல்லு!"

சுல்தான் சொன்னான். கேப்டன் டின்னுக்குள் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு, தோமஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டின்னைத் தொட்டிக்குள் மெல்லச் சாய்த்து அத்தனையையும் திரும்ப ஊற்றிவிட்டார்.

'அடப்பாவி! இவ்வளவு பாடுபட்டு உறிஞ்சினேனே!' என்று தோமஸின் மனசு கத்தியது. புழுக்கள் நேராகப் போய் மீன்களின் விலாவில் அப்பிக்கொண்டன. மீன்கள் மோதுவதை நிறுத்தி, பசு நிற்பது போல அசையாமல் நின்றன.

கேப்டன் திரும்பினார். தோமஸ் கண்ணை மூடிக்கொண்டு, அறை வாங்க வசதியாகக் கன்னத்தைக் காட்டினார். அறை விழவில்லை. கண்ணைத் திறந்தால், கேப்டன் மொரிதா அவருக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்து நின்றுகொண்டிருந்தார். டொரத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு படபடவென்று நிறையப் பேசினார். கேட்கக் கேட்கச் சுல்தானின் வாய் திறந்துகொண்டே போயிற்று.

"என்ன தம்பி சொல்றாரு? சயாமா?"

"சயாமெல்லாம் இல்லண்ணே, இனிமே உங்கள எங்கயும் அனுப்ப மாட்டாராம், ஆனா ஒண்ணு கேக்குறாரு, ஆத்தா அப்பன் மேல ஒட்டிக்கிட்டு, தோல்ல ஊறுற பாலக் குடிச்சிட்டிருந்த பச்சப் பிள்ளைங்கள எதுக்குண்ணே டின்னுல புடிச்சு அடைச்சீங்க?"