சிவராமன் செய்த பன்னிரண்டு மாம்பழங்கள்

பன்னிரண்டாவது பழத்துக்காகக் கூடைக்குள் கையை விட்டபோதுதான் சிவராமனுக்கு உறைத்தது, மாம்பழ வாசனையே வரவில்லை.

கீழே மாங்கனித் திருவிழாவின் பிச்சாண்டவர் சப்பரம் வீட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. தெருவின் இரண்டு பக்க மாடிகளிலிருந்தும் மாம்பழங்கள் பறந்தன. கீழே நின்ற கூட்டம் முந்தானையையும் துண்டையும் விரித்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. எறிகிற பழம் மடியில் விழுந்தால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது ஊர் நம்பிக்கை. சிவராமன் மாமியார் சொல்லிக்கொடுத்தபடி கண்களை இறுக மூடிக்கொண்டு, பழத்துக்கு ஒரு கும்பிடு வீதம் போட்டு, பதினொன்றை எறிந்து முடித்திருந்தார். இப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

கையில் இருந்த பழத்துக்குப் பச்சைக் காகிதத்தில் ஓர் இலை இருந்தது. இலையில் ஸ்கெட்ச் பேனாவால் 'உம்மு சல்மா' என்று எழுதியிருந்தது. அவருடைய கையெழுத்துதான். இருபது வருடமாக அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் கையெழுத்து, தப்பவே தப்பாது.

அவருக்குக் காலிலிருந்து தலைவரை ஒரு தடவை வியர்த்தது.

விஷயம் இதுதான். இன்றைக்கு அவருடைய ஒரே மகள் பாரதிக்கு ஆறாவது பிறந்தநாள். ஆனி மாதத்தில் பிறந்தவள் ஆதலால் அவள் பிறந்தநாள் எப்போதும் மாங்கனித் திருவிழாவை ஒட்டியே வரும். வீடு நெரவியிலிருந்து வரும் உறவுக்காரர்களால் நிரம்பிவிடும். பாயசத்தில் அவளுக்கு ஒரு கரண்டி கூடுதலாக விழும், அதோடு சரி. மற்றபடி பள்ளிக்கூடத்துத் தோழிகள் பிறந்தநாளுக்கெல்லாம் போய்த் தொப்பியும் பலூனுமாகத் திரும்பி வருவாள். போன வருடம் பிறந்தநாள் முடிந்த மறுநாள், "எம் பொறந்தநாள் எப்பப்பா வரும்?" என்று கேட்டாள். சிவராமனுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. அடுத்த வருடம் உன் கூட்டாளிகளை எல்லாம் கூப்பிட்டு, அப்பா கையாலேயே எல்லாம் செய்து போடுகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டார்.

செய்யவும் செய்தார். தொப்பி, தோரணம் எல்லாம் அவரே வெட்டி ஒட்டியவை. அதற்கெல்லாம் மேலாக, தேங்காய் பர்பியில் பன்னிரண்டு மாம்பழங்கள். எட்டுத் தேங்காய், இரண்டு கிலோ சர்க்கரை, மேலே கேசரிப் பவுடர், காம்புக்குக் கிராம்பு. பதினோரு விருந்தாளிகள், பன்னிரண்டாவது பாரதிக்கு. ஒவ்வொன்றின் இலையிலும் ஒரு குழந்தையின் பெயர். பாகு கம்பிப் பதம் வரவேண்டும் என்று ஒரு வாரப் பத்திரிகையில் போட்டிருந்தது. கம்பிப் பதம் எது என்று தெரியாததால் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் பத்து நிமிடம் கிளறினார். ஆறியதும் பார்த்தால் ஒரு கீறல் கிடையாது. சன்னலில் வந்து உட்கார்ந்த காக்காய் ஏமாந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. அதை அலுவலகத்தில் நாலு பேரிடம் சொன்னார்.

ருசி மட்டும் யாரும் பார்க்கவில்லை. மாங்கனி எறிந்து முடிக்கும்வரை வீட்டில் பெரியவர்கள் யாரும் இனிப்பைத் தொடக்கூடாது என்பது மாமியார் கமலாம்பாளின் சட்டம். பாரதி பிறக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டவர் அவர்தான். ஏழு வருடம் எறிவதாக வேண்டுதல், இது ஆறாவது வருடம். நெரவியிலிருந்து முப்பது பழங்களைக் கூடையில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அந்தக் கூடையைச் சாமி படத்துக்கு முன்னாலும், தன் பர்பிக் கூடையைக் கட்டிலுக்கு அடியிலும் சிவராமன் தன் கையால்தான் வைத்தார். இரண்டுக்கும் மேலே ஒரே மாதிரி ஈரிழைத் துண்டு.

"என்னங்க, ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் மனைவி பிரதீபா.

அவர் கையை விரித்துக் காட்டினார். பிரதீபா பழத்தைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், பக்கத்தில் கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்த தன் தாயைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா மொதல்லேர்ந்து ஏழு வருஷம்பாங்க. வேண்டுதலோட சேத்து இதெல்லாம் செய்யாதீங்கன்னு சொன்னேன், கேட்டீங்களா?"

பாரதி கதவோரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டை இறுக மூடியிருந்தாள். காலையில் புதுச் சட்டையோடு போட்டோ எடுத்தபோதும் அவள் சிரிக்கவில்லை. ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருக்கும் முன்பல்லை யாரும் தொட்டுவிடுவார்கள் என்ற பயம் என்று அப்போது சிவராமன் நினைத்தார். இப்போது அந்த மூடிய வாயைப் பார்த்ததும் அவருக்கு வேறு மாதிரி தோன்றியது. குழந்தைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அழுகையை அடக்குகிறாள்.

"அஞ்சு மணிக்குள்ள அப்பா எல்லாத்தையும் திருப்பிக் கொண்டுட்டு வந்துடுவேன்டா" என்றார்.

பாரதி ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவர் கட்டிலுக்கு அடியிலிருந்த நிஜ மாம்பழக் கூடையை இழுத்துத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

ஒரு நிஜ மாம்பழத்தைக் கொடுத்து ஒரு பர்பி மாம்பழத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வது என்று திட்டம். எழுத்தர் மூளைக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. ஆனால் மாங்கனியன்று தெருவில் ஒருவர் கூடையோடு இறங்கினால் அதற்கு ஊரில் ஒரே ஓர் அர்த்தம்தான். "இந்தாங்க" என்று அவர் வாயைத் திறப்பதற்குள் முப்பது பழமும் போய்விட்டது. துண்டும் போய்விட்டது. கூடையையும் ஓர் அம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்துப் போனாள்.

மேலே கமலாம்பாள் கண் திறந்து பார்த்தது சரியாக அந்த நேரத்தில்தான்.

"பாத்தியாடி பிரதீபா, மேலேர்ந்து எறிஞ்சது போதாதுன்னு எறங்கிப் போயிக் கையால குடுக்குறாரு மாப்ள. இந்த பக்தி யாருக்கு வரும்?"

மாப்பிள்ளை வெறுங்கையோடு கூட்டத்தில் நீந்திக்கொண்டிருந்தார். திருப்பத்தில் ஒரு போலீஸ்காரர் சிவப்புத் தொப்பியைக் கழற்றி உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்த மாடியிலிருந்து எவனோ கல்லை விட்டு எறிகிறான் என்றும், ஆள் கிடைக்கட்டும் என்றும் பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சிவராமன் தலையைக் குனிந்துகொண்டு தாண்டினார். தார் ரோட்டில் விழுந்த நிஜப் பழங்கள் எல்லாம் கூழாகிக் கிடந்தன. தன்னுடையதில் ஒன்றுகூட அப்படிச் சிதறிக் கிடக்கவில்லை. அந்தக் கவலையிலும் அவருக்கு ஒரு சின்னப் பெருமை வந்தது.

குளத்துப் படிக்கட்டில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். கிளிஞ்சல்மேட்டு மீனவர் ஒருவர், கூடவே அவர் மனைவி. மனைவியின் மடியில், முந்தானைக்கு நடுவில், பச்சைக் காகித இலையோடு பர்பி மாம்பழம். சிவராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு அருகே போனார்.

அவர் கேட்பதற்குள் மீனவர் கேட்டுவிட்டார். தன் பெயர் அன்பழகன் என்றும், இவள் பூங்கொடி என்றும், கல்யாணமாகி ஒன்பது வருடம் என்றும், சுனாமிக் குடியிருப்பில் வீடு கிடைத்தும் அதில் ஓடிவிளையாட ஒரு பிள்ளையில்லை என்றும் சொன்னார். பிறகு பழத்தின் இலையைக் காட்டினார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிங்க சார். நான் படிச்சது சரிதானான்னு பாக்கணும்."

சிவராமன் குனிந்து பார்த்தார். பன்னிரண்டில் இதுவா இவர்களிடம் வந்து விழ வேண்டும்?

"பாரதி" என்றார்.

"பேரையே எழுதி அனுப்பிருக்காரு சார் சாமி." அன்பழகனுக்குக் கண் கலங்கியது. "இது ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா சார்?"

"ரெண்டுக்கும் வைக்கலாம்" என்றார் சிவராமன். சொல்லி முடித்த பிறகுதான், இனி இதைத் திருப்பிக் கேட்க முடியாது என்பது அவருக்குப் புரிந்தது.

பூங்கொடி பழத்தை மெல்லத் திருப்பிக் காட்டினாள். ஓரத்தில் சின்னதாக ஒரு பள்ளம். "கிளி கொத்துன பழம் சார். ரொம்ப தித்திப்பா இருக்கும். ராத்திரி முழுகிட்டு சாப்புடுவேன்."

ரோட்டில் விழுந்த அடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அந்த இருவர் முகத்திலும் அவ்வளவு சந்தோஷம். உண்மையில் அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது எந்த வீட்டுப் பழம் என்று தெரிந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவோம் என்றார் அன்பழகன். இந்தக் கூட்டத்தில் எப்படித் தெரியும் என்று சிவராமன் நழுவப் பார்த்தார். அந்நேரம் பார்த்து, கீழ்வீட்டுச் சொந்தக்காரர் கைலாசநாதன் வந்து சேர்ந்தார்.

"என்ன சார் தெரியாதுங்கிறீங்க? உங்க மாடியிலேர்ந்து விழுந்ததை நானே பாத்தேனே."

அதோடு மத்தியானம் போயிற்று. அன்பழகன் தம்பதி வந்து கும்பிட்டுவிட்டுப் போனபின், விழிதியூரிலிருந்து ஒரு ஜோடி வந்தது. அப்புறம் இன்னும் நாலு பேர். இந்த வீட்டில் பேர் எழுதிய பழம் கொடுக்கிறார்களாமே என்று கேட்டுப் படியெல்லாம் ஆட்கள். பழம் இல்லை என்று பிரதீபா எவ்வளவோ சொன்னாள். பேராவது கொடுங்கள் என்றார்கள். மிச்சமிருந்த காகித இலைகளில் ஆளுக்கொரு பேர் எழுதிக் கொடுத்து அனுப்பினார் சிவராமன். கடைசியில் இலையும் தீர்ந்தது, மணியும் நாலரை ஆனது.

தள்ளுவண்டி நெய்னா முகம்மதிடம் பதினோரு மாம்பழம் வாங்கினார். இலை இல்லாததால் ஒவ்வொன்றுக்கும் முகம் வைத்தார். கிராம்பு இரண்டு கண், வாய்க்கு ஒரு காய்ந்த மிளகாய். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஐந்தரைக்குக் கவியரசன் என்ற பையன் அந்த மிளகாயைப் பிடுங்கி விளையாடிவிட்டு அதே விரலால் கண்ணைக் கசக்கினான். கமலாம்பாள் அவனைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவன் கத்திய கத்தலில் தோரணம் அவிழ்ந்து விழுந்தது என்று பிரதீபா பிறகு சொன்னாள். அது கொஞ்சம் அதிகம், ஒட்டியிருந்த பசைதான் சரியில்லை.

ஆனாலும் பிள்ளைகள் இருந்தார்கள். அதுதான் முக்கியம். பதினோரு பேரும் காகிதத் தொப்பியோடு தரையில் உட்கார்ந்து, முழங்கை வரை சாறு வழிய மாம்பழத்தை உறிஞ்சினார்கள். பாரதி நடுவில் உட்கார்ந்து உம்மு சல்மாவின் காதில் எதையோ சொல்லிச் சொல்லிக் குலுங்கினாள். ஆனால் சிரிப்பு வரும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிவராமன் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். அப்பா சொன்னதைச் செய்யவில்லை என்ற வருத்தம் உள்ளே இருக்கிறது, தோழிகளுக்கு முன்னால் மறைக்கிறாள் என்று அவருக்குப் பட்டது. மனசு கேட்கவில்லை.

எழுந்து போய் மிச்சமிருந்த அந்த ஒரே ஒரு பர்பி மாம்பழத்தை வெள்ளித் தட்டில் வைத்து எடுத்துவந்தார். உம்மு சல்மா என்று எழுதியிருப்பதால் அவளுக்குத்தான் உரிமை. அவளே பிட்டுப் பாரதிக்கும் பாதி கொடுக்கட்டும். மூன்று ராத்திரி உட்கார்ந்து செய்ததை மகள் ஒரு வாயாவது ருசிக்க வேண்டும்.

"அங்கிள் கையால செஞ்சது. சாப்புடும்மா" என்று நீட்டினார்.

சல்மா தட்டைப் பார்த்தாள். பாரதி அவசரமாக அவள் கையைக் கிள்ளினாள். அதை அவள் பொருட்படுத்தவில்லை. பழத்தை மரியாதையாக இரண்டு விரலால் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்:

"வேணாம் அங்கிள். நேத்து அவ பேர் போட்டதைக் கடிச்சுதான் பாரதிக்குப் பல்லே விழுந்துச்சாம், உங்களைப் பாத்து நாங்கள்லாம் சிரிச்சுடக் கூடாதுன்னுதான் காலையில அவ கூடைய மாத்தி வச்சாளாம்."