அண்ணன் வண்டிக்கு அடியில் சர்வேயர்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் அவளுக்கு எப்போதுமே உண்டு. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றதால் வந்த பயமா, சர்வேயருக்கு வாழ்க்கைப்பட்டதால் வந்த பயமா என்று அவளுக்கே தெரியாது. அவர் நிலம் அளக்கிறவர். "கொஞ்ச தூரம்" என்றால் "எத்தனை மீட்டர்?" என்பார். "சாயங்காலம் வந்தாங்க" என்றால் "எத்தனை மணி?" என்பார். "தலை வலிக்குது" என்று ஒரு நாள் சொன்னதற்கு, "எந்தப் பக்கம், எவ்வளவு அகலம்?" என்று கேட்டவர்.

அதனால் எந்தச் சேதியையும் மனசுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அவள் வாயைத் திறப்பாள். அன்றைய சேதியைப் பத்து முறை சொல்லிப் பார்த்தும் அது வாய்க்குப் படியவில்லை.

காலையில் ஓரகத்தி போன் செய்திருந்தாள். சர்வேயருடைய அண்ணனின் மனைவி.

"வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன்டி. வலது பக்கம் இன்னும் இழுத்துக்கிட்டுத்தான் இருக்கு. பேச்சும் சரியா வரலை. ஒவ்வொரு வார்த்தையாத் தேடுறார். தம்பி எங்கேன்னு மட்டும் தினமும் கேக்கிறார்."

"சொல்றேன்க்கா."

"ஒரே ஒரு தடவை வரச் சொல்லு. இனிமே நான் கேக்க மாட்டேன். மூணு வாரமாக் கேட்டு எனக்கே வெட்கமா இருக்கு."

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த அண்ணனைத் தம்பி எட்டிப் பார்க்கவில்லை. அதற்கு முன்பும் நான்கு வருடமாகப் பேச்சு கிடையாது. காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சொத்துச் சண்டை இல்லை. சம்பந்தச் சண்டை இல்லை. கார்.

அண்ணனிடம் மான் கார் இருந்தது. முகப்பில் துள்ளும் மான் பொம்மை வைத்த சாதாரண வண்டி. தம்பி ஆசை ஆசையாகச் சேர்த்து மயில் கார் வாங்கினார். வேறு கம்பெனி, வேறு கௌரவம், விலையும் ஒன்றரை மடங்கு. முதல் வேலையாக அண்ணனிடம் காட்ட ஓட்டிக்கொண்டு போனார். அண்ணன் வாய் சும்மா இருக்காது. வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து அடியில் பார்த்தார், பன்னிரண்டு பேர் நடுவில் சிரித்தார்.

"அடேய், என் மானைப் பிடிச்சுத் தோகை கட்டி உன் தலையில வித்துட்டானுங்கடா!"

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். தம்பி சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர்தான். அந்த வார்த்தையை வாபஸ் வாங்கினால்தான் படியேறுவேன் என்றார். அண்ணன், "வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்துட்டு வரச் சொல்லு" என்றார். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்த பிடிவாதம். இப்போது வாபஸ் வாங்க அண்ணனிடம் வார்த்தையே இல்லை.

இதையெல்லாம் எப்படி எடுத்துச் சொல்வது என்று அவள் கலங்கிக்கொண்டிருந்தபோது சர்வேயர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"முடிவு பண்ணிட்டேன்."

"என்னங்க முடிவு?"

"அளந்துடறது."

"எதை?"

"ரெண்டு வண்டியையும்."

ஆபீஸில் வரைபடம் போடுகிறவர் ஒரு பத்திரிகைத் துண்டை அவருடைய மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருந்தாராம். அதை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"மானும் மயிலும் ஒரே அடித்தளமாம். தரைத் தகடு, அச்சு, சக்கரத்தைத் தாங்குற கை எல்லாம் ஒண்ணாம். மேல இருக்கற கூட்டை மட்டும் கொஞ்சம் மாத்தி, மூஞ்சியில வேற பொம்மையை ஒட்டி, வேற கம்பெனி பேர்ல விக்கிறாங்களாம். ஒரே கடைக்கால்ல ரெண்டு வீடு! நம்புற மாதிரியா இருக்கு?"

"பேப்பர்ல போட்டிருக்கே."

"பேப்பர்ல ஆயிரம் போடுவான். அரசாங்க வரைபடத்தையே நான் நம்ப மாட்டேன். டேப் வச்சுப் பார்த்தாத்தான் நம்புவேன். அவங்க ஆஸ்பத்திரியில இருக்கறப்பவே போய் அளந்து, ஒண்ணு இல்லைன்னு எழுதி, அந்த வரைபடக்காரன் மூஞ்சியில ஒட்டறேன். அண்ணன் எப்போ வீட்டுக்கு வரார்?"

கேள்வி தானாகவே வந்துவிட்டது. பத்து முறை ஒத்திகை பார்த்த பதில் தொண்டைக்குழியில் தயாராக நின்றது. அவள் வாயைத் திறந்தாள்.

"வெள்ளிக்கிழமை."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே காதில் விழுந்தது.

"நல்லதாப் போச்சு. வியாழக்கிழமை பத்தரைக்குப் போறோம். நீயும் வரணும்."

"நான் எதுக்குங்க?"

"டேப் முனை பிடிக்க ஆள் வேண்டாமா? இந்தா, உனக்கு எதுக்கு இப்படி வேர்க்குது?"

"அடுப்படி சூடுங்க" என்றாள். அடுப்பு அன்றைக்கு இன்னும் பற்ற வைக்கவே இல்லை.

வியாழக்கிழமை பத்தரைக்கு அண்ணன் வீட்டு ஷெட்டில் நின்றார்கள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஓரகத்தி அவளிடம் சாவி கொடுத்திருந்தாள். மான் கார் மூன்று வாரத் தூசியோடு நின்றது. சர்வேயர் மயில் காரை அதன் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார். தூசியைத் துடைத்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"முனையை முன்சக்கரத்து நடுவுல வை. நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது. பூமியே பிளந்தாலும் விடக் கூடாது."

"விட மாட்டேங்க."

மயில் கார், முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை: இரண்டாயிரத்து ஐந்நூற்று எழுபது மில்லிமீட்டர். நோட்டில் எழுதினார். பிறகு மான் கார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"முனையைச் சரியா வச்சியா?"

"வச்சேங்க."

"நடுவுலயா?"

"நட்டநடுவுல."

"முனை நகர்ந்திருக்கும். மறுபடி வை."

மறுபடியும் அதே எழுபது. மூன்றாம் முறையும் எழுபது.

அவளுக்கு அதில் ஆச்சரியம் ஏதும் இல்லை. அவள் வேலை பார்ப்பது கார் சீட்டு உறை தைக்கும் கடையில். பதினொரு வருடமாக வெட்டுகிறாள். ஒவ்வொரு காருக்கும் ஒரு பழுப்புக் காகித அளவு ஆணியில் தொங்கும். மானுக்கும் மயிலுக்கும் தொங்குவது ஒரே காகிதம். ஒரே தாளில் இரண்டு வண்டியின் பெயரும் எழுதியிருக்கும், அவள் கையெழுத்தில். அண்ணன் சிரித்த அன்றைக்கே அவளுக்குத் தெரியும், அவர் சொன்னது நிஜம் என்று. ராத்திரி சொல்லலாம் என்று நினைத்தாள். ஆத்திரத்தில் இருக்கிறார், காலையில் சொல்லலாம் என்று இருந்தாள். அந்தக் காலை நான்கு வருடமாக விடியவில்லை. சொல்லியிருந்தால் ஒரு வாரம் முறைத்துவிட்டுச் சேர்ந்திருப்பார்கள். பயந்து பயந்து, பேசிச் சிரிக்கிற அண்ணனை அவருக்கு இல்லாமல் செய்துவிட்டோமே என்று, முனையை அழுத்திப் பிடித்தபடி அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"தூசியா?" என்றார்.

"தூசிதாங்க."

சர்வேயர் கோணிப்பையை விரித்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, டேப்போடு மான் காருக்கு அடியில் ஊர்ந்து போனார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. மயில் காருக்கு அடியில் ஏற்கெனவே படுத்து, சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில் பொறித்திருந்த பாக எண்ணை உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுதான்."

"என்னது?"

"நம்பர்கூட ஒண்ணுதான்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "பதினோரு எழுத்து. ஒரு எழுத்துகூட மாறலை."

"வெளியே வாங்க."

"நாலு வருஷம். அண்ணன் அன்னிக்கே சொன்னார், அடியில படுத்துப் பாருன்னு. அரை மணி நேர வேலை." டார்ச் வெளிச்சம் அவள் காலடிக்குத் திரும்பியது. "உனக்கு ஆச்சரியமாவே இல்லையா?"

"எனக்கென்னங்க தெரியும் வண்டியைப் பத்தி" என்றாள்.

அப்போது வாசலில் வாடகைக் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

"யாரது?"

"அக்காவும் மாமாவும்."

"வெள்ளிக்கிழமைன்னியே! ஷட்டரை இறக்கு! சீக்கிரம்!"

"எப்படிங்க இறக்கறது? கையில முனை இருக்கே."

"விட்டுட்டுப் போடி!"

"பூமி பிளந்தாலும் விடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

வெளியே தெரிந்த இரண்டு கால்களும் ஆமையைப் போல உள்ளே இழுத்துக்கொண்டன.

ஷெட்டு வாசலில் இரண்டு ஜோடிப் பாதம் வந்தது. ஓரகத்தியின் பாதம் சாதாரணமாக வந்தது. பெரியவரின் இடது பாதம் ஓர் அடி வைத்தது. வலது பாதம் பின்னால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. அடி, தேய்ப்பு. அடி, தேய்ப்பு. அடியில் படுத்திருப்பவருக்கு அது மட்டும்தான் தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது. முகம் தெரியாது, அந்தக் கால் மட்டும்.

பெரியவர் இரண்டு வண்டிகளையும் பார்த்தார். தரையில் ஓடிய டேப்பைப் பார்த்தார். அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்தார். தடியை ஊன்றிக் குனியப் பார்த்து, முடியாமல் நின்றார்.

"டேய்."

டேப் மட்டும் லேசாக அசைந்தது.

"டேய்... தரை..." வார்த்தையைத் தேடினார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. "தரை... சில்லுன்னு... முதுகு... பிடிச்சுக்கும்... எந்திரி."

வண்டிக்கு அடியிலிருந்து தும்மல் போல ஏதோ கேட்டது. பிறகு, "ஆயில் ஒழுகுதான்னு பார்த்தேன்ணே."

"நாலு வருஷமா ஒழுகாத ஆயில் இன்னிக்கா தம்பி ஒழுகுது?" என்றாள் ஓரகத்தி. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சர்வேயர் வெளியே வந்தார். தலையெல்லாம் ஒட்டடை, மூக்கில் கிரீஸ். பெரியவர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது கையால் தம்பியின் சட்டையைத் தட்டிவிட்டார். தட்டத் தட்டத் தூசி அவர் மேலேயே விழுந்தது.

"அளந்துட்டேன்ணே. நீ சொன்னதுதான் சரி. ரெண்டும் ஒண்ணுதான். நம்பர்கூட ஒண்ணுதான்." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "சொல்லுண்ணே. அன்னிக்குச் சொன்ன மாதிரியே சொல்லு. தோகை கட்டி வித்துட்டானுங்கன்னு சொல்லி, நல்லா சிரி."

பெரியவர் சொல்லப் பார்த்தார். "மா..." என்றார். கண் சுருங்கியது. "மா..." பன்னிரண்டு பேரைச் சிரிக்க வைத்த அந்த வாக்கியம் எங்கேயோ இருந்தது, கைக்கு எட்டவில்லை. ரேஷன் வரிசையில் அரை நிமிடம் நிற்க மாட்டாத சர்வேயர் அசையாமல் காத்துக்கொண்டு நின்றார். அவளும் முனையைப் பிடித்தபடியே நின்றாள். பெரியவர் கடைசியில் தலையை ஆட்டிவிட்டு, முகத்தின் ஒரு பாதியால் மட்டும் சிரித்தார்.

"விடுங்க தம்பி. களைச்சுப் போயிட்டார்."

சர்வேயர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டேப்பை வேகவேகமாகச் சுருட்டினார். மறுமுனையில் நின்ற அவளும் சேர்ந்தே இழுபட்டு வந்தாள்.

"முனையை விடேன்!"

"நீங்க சொல்லவே இல்லையேங்க."

அன்று சாயங்காலம் வரை அங்கேயே இருந்தார்கள். சர்வேயர் மான் காருக்குத் தண்ணீர் விட்டுக் கழுவினார். வாரத்துக்கு ஒரு நாள் தானே வந்து ஸ்டார்ட் செய்து வைப்பதாகவும், இல்லாவிட்டால் பேட்டரி போய்விடும் என்றும் அண்ணனிடம் மூன்று முறை சொன்னார். அண்ணன் மூன்று முறையும் தலையாட்டினார்.

திரும்பும்போது பாதி வழியில் கேட்டார். "வெள்ளிக்கிழமைன்னு உனக்கு யார் சொன்னது?"

"நான்தாங்க தப்பாச் சொல்லிட்டேன்."

"இருபத்தாறு வருஷமாச் சொல்றேன். ஒரு விஷயத்தையாவது உனக்குச் சரியாச் சொல்ல வருதா?"

"வரலைங்க."

அவர் திருப்தியாக கியரை மாற்றினார். "நாளைக்கு உன் கடைக்கு வரேன். ரெண்டு வண்டிக்கும் ஒரே துணியில உறை தைக்கணும். உங்க அளவெல்லாம் சரியா இருக்கான்னு நானே பார்க்கறேன்."

கடையில் ஆணியில் தொங்கும் தாள் அவள் நினைவுக்கு வந்தது.

மறுநாள் கடை திறக்கும் முன்பே அவள் போய் நின்றாள். இரண்டு வண்டியின் பெயரும் எழுதிய அந்தத் தாளை ஆணியிலிருந்து உருவினாள். அதைப் பார்த்தால் எத்தனை வருடமாகத் தெரியும் என்று கேட்பார். தேதி, மணியோடு கேட்பார். புதுக் காகிதத்தில் இரண்டு அளவுகள் வெட்டி, ஒன்றில் மான், ஒன்றில் மயில் என்று எழுதினாள். இரண்டும் அச்சாக ஒன்றாக இருந்தால் அப்போதும் கேட்பார் என்று பயம் வந்தது. ஆணியில் இருந்த பழைய தாளைக் கிழித்துப் போட்டாள். மான் தாளில் கை வைக்கவில்லை. மயிலை மட்டும் மறுபடி வெட்டினாள், அரை விரல் அகலம் பெரிதாக.

சர்வேயர் வந்தார். டேப்பை எடுத்தார். இரண்டு தாளையும் அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"ஒன்பது மில்லி."

"என்னங்க?"

"அடி ஒண்ணுதான். ஆனா மேல, நம்ம சீட்டு ஒன்பது மில்லி பெரிசு."

நான்கு வருடமாகத் தேடியது கிடைத்துவிட்டது. இனி வரைபடக்காரரிடம் ஓடுவார், அங்கிருந்து நேரே அண்ணனிடம் போவார், எல்லாம் பாழ் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தார்.

"இதை அண்ணன்கிட்ட சொல்லிடாதே."

"ஏங்க?"

"ஒண்ணாவே இருந்துட்டுப் போகட்டும்."

அவர் தெருமுனை திரும்பும் வரை அவள் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய், மான் தாளை வைத்தே அன்றைக்கே இரண்டு வண்டிக்கும் உறைகளைத் தைத்து முடித்தாள். முடித்த கையோடு, இனி யாரும் அளந்து பார்க்க முடியாதபடி, மான் தாளையும் மயில் தாளையும் பொடிப்பொடியாக வெட்டிக் குப்பைக் கோணியின் அடியில் திணித்தாள். இனி மான்காரர் வந்தாலும் சரி, மயில்காரர் வந்தாலும் சரி, கண்ணளவிலேயே வெட்டிவிடுவது என்று வைத்துக்கொண்டாள்.